ஹால் லைட்டில் பையன் ஓடுகிறான்: எந்தக் கேமரா வாங்குவது?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரண்டு பிள்ளைகள், மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. இதுவரை எல்லாப் படமும் ஃபோனில்தான். ஃபோனில் இடம் தீர்ந்துவிட்டது. படம் எடுக்கலாமென்று கையில் எடுத்தால் ஏதாவது மெசேஜ் வந்து நிற்கிறது. அதைத் தள்ளிவிடுவதற்குள் பையன் சிரித்து முடித்துவிடுகிறான். பகல் படங்கள் பரவாயில்லை. ராத்திரி ஹாலில் எடுப்பவற்றில் பத்துக்கு எட்டு கலங்கிப்போய் வருகின்றன. மகளுக்கும் படம் எடுக்க ஆசை, ஆனால் அவள் கையில் ஃபோனைக் கொடுக்க இவருக்கு மனமில்லை.

ஒரு நடுத்தர ஃபோன் வாங்கும் பணத்துக்குள், சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்கும் கேமரா வேண்டும் என்கிறார். மூன்றைப் பார்த்துவைத்திருக்கிறார். முதலாவது, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் '64 மெகாபிக்சல், 4கே, 18 மடங்கு ஜூம்' கேமரா. இதை நேற்றிரவு ஆர்டரும் செய்துவிட்டார். இரண்டாவது, பெயர்பெற்ற கம்பெனியின் 40 மடங்கு ஜூம் கேமரா. மூன்றாவது, தோழி விற்க நினைக்கும் 2006-ஆம் வருடத்துச் சிறு கேமரா. 'பழைய சிசிடி கலரே தனி' என்று தோழி சொன்னாராம். 'ஃபோன் இருக்கும்போது இதெல்லாம் தண்டச் செலவு' என்பது கொழுந்தனாரின் தீர்ப்பு. ஒரேயடியாக லென்ஸ் கழற்றி மாட்டும் மிரர்லெஸ் கேமராவே வாங்கிவிடலாமா, மகளின் பள்ளி விழாவை பதினைந்தாவது வரிசையிலிருந்து எடுக்க முடியுமா என்பவை மற்ற கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆர்டர் செய்த 64 மெகாபிக்சல் கேமரா இன்னும் கிளம்பவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ரத்து செய்யுங்கள். கிளம்பிவிட்டது என்றால் என்ன செய்வதென்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து உங்கள் கொழுந்தனார். அவர் சொல்வதில் பாதி சரி. கேமரா என்று பெயர் இருந்தாலே ஃபோனைவிட நன்றாக எடுக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். இன்றைக்கு அது உண்மையில்லை. சிறு கேமராக்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது 1/2.3 அங்குல சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. அதன் அளவு ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பல நடுத்தர ஃபோன்களின் முதன்மைக் கேமராவிலேயே இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. போதாததற்கு, ஃபோன் ஒரு படத்துக்குப் பதில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, சேர்த்து, இரைச்சலை (படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் புள்ளிகளை) குறைத்துக் கொடுக்கிறது. அசையாத காட்சியை, ராத்திரி தெருவை, ஜன்னலுக்கு எதிரே நிற்பவரை எடுப்பதில் மலிவான கேமரா ஃபோனிடம் தோற்கும்.

அவர் கணக்கில் விட்டுவிட்டவையும் உண்டு. நல்ல சிறு கேமராவில் இருக்கும் செனான் ஃபிளாஷ் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ மின்னி அணையும். ஓடும் குழந்தையை அது அப்படியே உறைய வைத்துவிடும். ஃபோனில் இருக்கும் எல்ஈடி வெறும் டார்ச் விளக்கு. வெளிச்சம் தரும், அசைவை நிறுத்தாது. உண்மையான ஆப்டிக்கல் ஜூம் முகங்களுக்கு உதவும். விரலுக்குத் தட்டுப்படும் ஷட்டர் பட்டன் இருக்கும். மெசேஜ் வராது. மகள் கையில் நம்பிக் கொடுக்கலாம். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இந்தக் கடைசி இரண்டுக்காகவே ஒரு கேமரா வாங்கலாம் என்பேன்.

ஹாலில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது?

உங்கள் படங்கள் ஏன் கலங்குகின்றன என்பது புரிந்துவிட்டால் கேமரா தேர்வு பாதி முடிந்த மாதிரி. சாதாரண விளக்கு எரியும் ஹால் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. கேமராவுக்கு அது இருட்டு. ஷட்டர் எவ்வளவு குறைந்த நேரம் திறந்து மூடுகிறதோ அவ்வளவுக்கு அசைவு நிற்கும்: உட்கார்ந்து பேசுகிறவரை எடுக்க 1/60 நொடி போதும், நடப்பவருக்கு 1/125, ஓடும் நான்கு வயதுப் பையனுக்கு 1/250 வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் பார்த்துவைத்திருக்கும் 40 மடங்கு ஜூம் வகையில் லென்ஸின் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் வாய் (எஃப் எண் சிறியதானால் வாய் பெரிது), பெரும்பாலும் எஃப் 3.3-இல் தொடங்கி, ஜூம் செய்யச் செய்ய எஃப் 6.9 வரை சுருங்கும். அந்த ஹாலில் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைக் கேமரா கூட்டிக்காட்டும் அளவு; கூட்டினால் இரைச்சலும் கூடும்) 1600 வைத்தால், ஜூமே செய்யாதபோது அதற்குக் கிடைக்கும் ஷட்டர் வேகம் சுமார் 1/45 நொடி. முழு ஜூமில் சுமார் 1/11. பையன் கையை ஆட்டினாலே கலங்கிவிடும். எஃப் 1.8 லென்ஸ் உள்ள கேமராவுக்கு அதே ஹாலில், அதே ஐஎஸ்ஓவில் சுமார் 1/160 கிடைக்கும். ஐஎஸ்ஓவை 3200 ஆக்கினால் 1/320. ஓடுகிறவன் நின்றுவிட்டான்.

1/2.3 அங்குல சென்சாரில் ஐஎஸ்ஓ 1600 என்பது முடியெல்லாம் மெழுகாகிப்போன படம். '1 அங்குல' சென்சாரில் அதுவே பார்க்கும்படி இருக்கும். 1 அங்குலம் என்பது பெயர்தான். உண்மை அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்துப் பெயர் சொல்லும் வழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் பரப்பில் அது 1/2.3 அங்குலத்தைப் போல நான்கு மடங்கு. ஆகவே பெட்டியில் நீங்கள் தேட வேண்டிய எண்கள் இரண்டே இரண்டு: சென்சாரின் அளவு, லென்ஸின் அபர்ச்சர். மெகாபிக்சலும் ஜூம் மடங்கும் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும், இவை இரண்டும் சின்ன எழுத்தில் இருக்கும்.

அபர்ச்சரைப் படிக்கும்போது இரண்டாவது எண்ணையும் பாருங்கள். '1.8-4.9' என்று போட்டிருந்தால் ஜூம் செய்யாதபோது 1.8, முழு ஜூமில் 4.9. இரண்டுக்கும் இடையே உள்ளே வரும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்குக்குப் போய்விடும். அப்படிப்பட்ட கேமராவோடு ஹாலில் ஜூமைத் தொடாதீர்கள். இரண்டு எட்டு முன்னால் போய் எடுங்கள்.

நீங்கள் பார்த்த மூன்றும்

64 மெகாபிக்சல் கேமராவைப் பற்றி. இந்த வகையில் பெரும்பாலும் உள்ளே இருப்பது சில மெகாபிக்சல் மட்டுமே உள்ள ஒரு மலிவுச் சென்சார். மீதியைக் கேமரா தானே இட்டு நிரப்பிப் படத்தைப் பெரிதாக்குகிறது. கோப்பு கனக்கும், விவரம் கூடாது. '18 மடங்கு' என்பது டிஜிட்டல் ஜூம், அதாவது எடுத்த படத்தின் நடுவை வெட்டி ஊதிப் பெரிதாக்குவது. 4 மடங்கு டிஜிட்டல் ஜூம் செய்தாலே பிக்சல்களில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். 18 மடங்கில் என்ன மிஞ்சுமென்று நீங்களே கணக்குப் போடலாம்.

இந்தப் போலித்தனத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி, விற்பனைப் பக்கத்துப் படத்தில் லென்ஸைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறது என்று உற்றுப் பார்ப்பது. உண்மையான லென்ஸில் குவியத்தூரமும் அபர்ச்சரும் இருக்கும். ஜூம் லென்ஸானால் '10.4-37.1', '1.8-4.9' என்று இரண்டிரண்டு எண்ணாக இருக்கும். போலியில் 'எச்டி' 'சூப்பர் ஜூம்' 'மேக்ரோ' என்று வார்த்தைகள்தான். ஃபிளாஷ் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் பொட்டு வைத்த எல்ஈடி இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

மெகாபிக்சல் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 12 மெகாபிக்சல் என்பது 4000க்கு 3000 புள்ளிகள். அதை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 13க்கு 10 அங்குலப் படம் வரும். வீட்டுச் சுவரில் மாட்ட அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படுவதில்லை.

40 மடங்கு ஜூம் கேமரா நாணயமான பொருள். பகலில், வெளியில், பறவையோ கோபுர உச்சியோ எடுக்கப் பிரமாதம். ராத்திரி ஹாலில் எடுப்பவற்றில் பத்துக்கு எட்டு கலங்குகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் இது உங்களுக்கானதில்லை. சந்தேகமிருந்தால், உங்கள் ஃபோனில் கடந்த ஆறு மாதத்தில் எடுத்தவற்றில் மனதுக்குப் பிடித்த நூறு படங்களைத் திறந்து, ஒவ்வொன்றின் விவரத்தையும் பாருங்கள். எத்தனை வீட்டுக்குள், எத்தனை வெளியில், எத்தனையில் ஜூம் செய்திருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். அரை மணி நேர வேலை. எந்த விமர்சனக் கட்டுரையையும்விட இது உதவும்.

தோழியின் சிசிடி கேமரா. பழைய சிறு கேமராப் படங்களுக்கு ஒரு தனித் தோற்றம் இருப்பது உண்மைதான், ஆனால் அது சிசிடி என்ற பழைய வகைச் சென்சாரால் வருவதில்லை. நிறத்தைத் தீர்மானிப்பவை சென்சார் மேலிருக்கும் வண்ண வடிகட்டியும் கேமராவுக்குள் நடக்கும் படச் செயலாக்கமும். நேரடி ஃபிளாஷ், குறைந்த ஐஎஸ்ஓ, வெளிறிப்போன வானம், அடர்ந்த நிழல் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தத் தோற்றம். எந்த நல்ல கேமராவிலும் ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் கட்டாயம், ஒயிட் பேலன்ஸை (விளக்குக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) 'டேலைட்'டில் நிறுத்தி எடுத்தால் முக்கால்வாசி வந்துவிடும்.

அந்தக் கேமராவில் நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. எந்த மெமரி கார்டு போடுகிறது என்று கேளுங்கள். எக்ஸ்டி கார்டு என்றால் அது 2002-இல் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் கொண்டுவந்தது. அதிகபட்சம் 2 ஜிபி, புதிதாகத் தயாரிப்பதில்லை. எஸ்டி கார்டு என்றாலும் 2006-க்கு முந்தைய வடிவமைப்புகளில் பல 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிக்காது. 4 ஜிபியிலிருந்து 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி வகை வந்ததே 2006-இல்தான். கடையில் 32 ஜிபி கார்டு வாங்கிப் போட்டுவிட்டு 'கார்டு எரர்' என்று திகைப்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். தோழி சும்மா கொடுத்தால் வாங்கி மகளிடம் கொடுங்கள், சந்தோஷப்படுவாள். காசு கேட்டால், அந்தக் காசைக் கீழே சொல்லும் கேமராவில் போடுங்கள்.

நான் வாங்கச் சொல்வது

கைமாறிய, 1 அங்குல சென்சார் உள்ள, 2012 முதல் 2016 வரை வெளியான சிறு கேமரா ஒன்று. சோனி ஆர்எக்ஸ்100-இன் முதல் மாடல் 2012-இல் வந்தது: 20 மெகாபிக்சல், 28-100 மில்லிமீட்டருக்கு இணையான ஜூம் (ஃபிலிம் கேமரா அளவுக்கு மாற்றிச் சொல்லும் எண்; எண் பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்), எஃப் 1.8-4.9. இந்த வகையில் பெரும்பாலும் மலிவாகக் கிடைப்பது இதுதான். வயதானாலும் படம் சோடை போகாது. அதன் எட்டிப்பார்க்கும் ஃபிளாஷை விரலால் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் கூரையில் பட்டுத் திரும்பி மென்மையாக இறங்கும். வெள்ளைக் கூரை, தாழ்ந்த கூரை என்றால் முகத்தில் எண்ணெய் வழிந்த மாதிரி மினுமினுப்பு வராது. இதற்காகவே இந்தக் கேமராவை விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு.

பணம் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தால் 2014-இல் வந்த ஆர்எக்ஸ்100-இன் மூன்றாம் மாடல். ஜூம் 24-70தான், ஆனால் முழு ஜூமிலும் எஃப் 2.8. அதே வருடம் வந்த கேனான் ஜி7 எக்ஸ், 24-100 வரை எஃப் 1.8-2.8, தாளில் இதுதான் உங்களுக்கு மிகப் பொருத்தம். சமூக வலைத்தளப் புகழால் ஜி7 எக்ஸ் வரிசை தகுதிக்கு மீறி விலை ஏறிக் கிடக்கிறது, அது ஒன்றுதான் குறை. விலை கேட்டு மயக்கம் வந்தால் சோனிக்கே திரும்புங்கள்.

இந்த வகை எதுவும் கைக்கு எட்டவில்லை என்றால் ஒரு படி கீழே பானசோனிக் எல்எக்ஸ்7 இருக்கிறது. 2012 மாடல், 10 மெகாபிக்சல், சென்சார் 1/1.7 அங்குலம், லென்ஸ் 24-90, அபர்ச்சர் எஃப் 1.4-2.3. முழு ஜூமிலும் 2.3 என்பதால் சின்ன சென்சாரின் குறையை லென்ஸ் ஈடுகட்டிவிடும். கொஞ்சம் தடிமன், சட்டைப் பைக்குள் போகாது, கைப்பைக்குள் போகும்.

பழையதே வேண்டாம், புதிதுதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், உண்மையான ஆப்டிக்கல் ஜூமும் செனான் ஃபிளாஷும் உள்ள எளிய மாடலாகப் பாருங்கள். கோடக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்55 போன்றவை இந்த வகை. (கோடக் என்பது பெயர் மட்டும், ஜேகே இமேஜிங் என்ற கம்பெனி அந்தப் பெயருக்கு உரிமம் பெற்று விற்கிறது.) பகலிலும் ஃபிளாஷ் எட்டும் இரண்டு மூன்று மீட்டருக்குள்ளும் நன்றாக எடுக்கும். ஃபிளாஷ் இல்லாமல் ஹாலில் எடுத்தால் உங்கள் ஃபோனைவிட மோசமாகவே வரும். தெரிந்து வாங்கினால் வருத்தம் இல்லை.

மிரர்லெஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரிய சென்சார் என்பதால் எல்லாவற்றிலும் மேல் என்று நினைக்கிறோம். மிரர்லெஸ்களில் பரவலாக உள்ள ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரின் பரப்பு 1 அங்குலத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். ஆனால் அதோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸ் பெரும்பாலும் எஃப் 3.5-இல் தொடங்குகிறது, எஃப் 1.8-ஓடு ஒப்பிட்டால் அது உள்ளே விடும் வெளிச்சம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. சென்சாரில் கிடைத்த லாபம் லென்ஸில் போய்விட்டது. எஃப் 1.8 லென்ஸ் தனியாக வாங்கினால்தான் மிரர்லெஸின் பலன் ஹாலில் தெரியும். அப்போது பணமும் எடையும் கூடும். கைப்பையில் அடங்காதது அலமாரியில்தான் இருக்கும்.

பழையதை வாங்கும்போது

நேரில் பார்த்து வாங்குங்கள். சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு வரச் சொல்லுங்கள், உங்கள் கார்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். பத்து நிமிடம் போதும்.

லென்ஸ்: ஐந்து முறை ஆன் செய்து அணையுங்கள், ஜூமை இரண்டு கோடிக்கும் ஓட்டுங்கள். மணல் அரைபடும் சத்தமோ, தயங்கித் தயங்கி வெளியே வருவதோ, 'லென்ஸ் எரர்' வருவதோ இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நீளும் குழாய் லென்ஸ்தான் இந்தக் கேமராக்களின் மிகப் பலவீனமான உறுப்பு. ரிப்பேர் செலவு கேமராவின் விலையையே தொட்டுவிடும்.

தூசி: வெள்ளைச் சுவரை அல்லது தெளிந்த வானத்தை, அபர்ச்சரை எஃப் 8 அல்லது 11 வைத்து, முழு ஜூமில் எடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் மங்கலான சாம்பல் வட்டங்கள் தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால் துடைக்க முழுவதும் பிரிக்க வேண்டும். நீங்களே ஸ்குரூ டிரைவரோடு உட்காராதீர்கள். ஃபிளாஷ் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கி நிற்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அடிக்கும்.

விழுந்த கேமரா: செங்கல் சுவரையோ ஒட்டிவைத்த செய்தித்தாளையோ நேருக்கு நேர் நின்று எடுங்கள். நான்கு மூலையில் ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் லென்ஸ் உள்ளே சாய்ந்திருக்கிறது.

பூஞ்சை: ஃபோன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரிக் கிளை பிரிந்து தெரிந்தால் பூஞ்சை.

ஃபிளாஷும் பேட்டரியும்: இருட்டு மூலையில் ஐந்து முறை ஃபிளாஷ் அடியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் வாங்கும் விலையோடு ஒரு புது பேட்டரியின் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள். பேட்டரி மூடியின் கொக்கி உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மெனு மொழி: ஜப்பான் சந்தைக்கென விற்ற சோனி கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும்; மாற்ற முடியாது. இணையத்தில் சந்தேகப்படும்படி மலிவாக வரும் 'புத்தம் புதுசு மாதிரி' ஆர்எக்ஸ்100-களுக்கு இது ஒரு காரணம். மொழிப் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பேப்பர்: பில் இருக்கிறதா, பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பில் இல்லாத நிலையில் விற்பவர் விலையை மட்டும் வேகமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் திருட்டுப் பொருளாக இருக்கலாம். 'சர்வதேச வாரன்டி இருக்கு' என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். உங்கள் நாட்டு சர்வீஸ் சென்டர் அந்த சீரியல் எண்ணை ஏற்குமா என்று நீங்களே கேளுங்கள். பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கினால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பதினைந்தாவது வரிசை

பள்ளி விழா மேடைதான் உங்கள் பட்டியலில் எல்லாவற்றிலும் கடினமானது. உங்கள் பணத்துக்குள் பைக்குள் அடங்கும் எந்தக் கேமராவும் அதைச் சிறப்பாகச் செய்யாது. 40 மடங்கு ஜூம் மகளின் முகம் வரை போகும்; ஆனால் நன்றாக விளக்குப் போட்ட மேடையிலும் எஃப் 6.9-இல், ஐஎஸ்ஓ 1600-இல் 1/40 நொடிதான் கிடைக்கும். ஆடும் பிள்ளை கலங்கிவிடும்.

ஜி7 எக்ஸ் போன்று 100 மில்லிமீட்டரில் எஃப் 2.8 உள்ளதானால் அதே மேடைக்கு 1/250 கிடைக்கும். மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருந்தால் படத்தில் ஐந்தரை மீட்டர் அகலம் தெரியும். பிறகு நடுவிலிருந்து பாதி அகலம், பாதி உயரமாக வெட்டினால் ஏறக்குறைய 2.7 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம். உங்கள் மகள் தலை முதல் கால் வரை அடங்குவாள். 20 மெகாபிக்சலில் 5 மிஞ்சும். 9க்கு 6 அங்குல அச்சுக்குப் போதும். ஆகவே ஜூமுக்குப் பணம் கொடுப்பதைவிட அன்றைக்குச் சீக்கிரம் போய் ஐந்தாவது வரிசையில் இடம் பிடிப்பது உத்தமம். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். பதினைந்து மீட்டருக்கு அது போகாது. முன்வரிசைக்காரர்களின் பின்மண்டையைத்தான் வெளிச்சம் போட்டுக் காட்டும்.

ஆர்டர் ஏற்கெனவே கிளம்பியிருந்தால்

விற்பனைப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், பிறகு அதை மாற்றிவிடக்கூடும். '64 மெகாபிக்சல்', 'ஆட்டோஃபோகஸ்' என்ற வார்த்தைகள் அதில் தெரிய வேண்டும். பெட்டி வந்தால் பிரிப்பதை வீடியோ எடுங்கள். வேண்டாமென்று மனம் மாறியதாகத் திருப்பி அனுப்பினால் சில விற்பனையாளர்கள் பிரித்த பெட்டியை ஏற்க மாட்டார்கள். 'விவரித்தபடி இல்லை' என்ற காரணத்துக்கு உங்கள் பக்கம் பலம் அதிகம். ஆதாரம் சேர்ப்பது சுலபம். ஒரு புத்தகப் பக்கத்தை 30 சென்டிமீட்டரிலும் இரண்டு மீட்டரிலும் எடுங்கள். இரண்டில் ஒன்று எப்போதும் கலங்கியே வந்தால் அதில் ஆட்டோஃபோகஸே இல்லை. அதே பக்கத்தை உங்கள் ஃபோனின் 12 மெகாபிக்சலில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். திருப்பி அனுப்பும் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே கோரிக்கையைப் போட்டுவிடுங்கள்.

கேமரா கைக்கு வந்த முதல் வாரம்

தேதி, நேரத்தைச் சரியாக வையுங்கள். ஐந்து வருடம் கழித்து இந்தப் படங்களை ஃபோன் படங்களோடு சேர்த்து அடுக்கும்போது அருமை தெரியும். டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்துவிடுங்கள். 'பி' மோடு (ஷட்டரையும் அபர்ச்சரையும் கேமராவே பார்த்துக்கொள்ளும்), ஆட்டோ ஐஎஸ்ஓ, உச்சவரம்பு 3200. பையன் ஓடும் நேரத்துக்கு மட்டும், ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்கும் 'எஸ்' மோடில் 1/250. (கேனான் கேமராவில் இதற்கு 'டிவி' என்று பெயர், தொலைக்காட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) பட்டனைப் பாதி அழுத்திப் பச்சைக் கட்டம் வந்த பிறகு முழுதாக அழுத்தப் பழகுங்கள், ஃபோனிலிருந்து வருபவர்கள் ஒரே மூச்சில் அழுத்திவிட்டு ஃபோகஸ் சரியில்லை என்று கேமராவைத் திட்டுவார்கள்.

128 ஜிபி கார்டு ஒன்றைவிட 32 ஜிபி கார்டு இரண்டு மேல், ஒன்று கெட்டாலும் ஒன்று மிஞ்சும். 20 மெகாபிக்சல் ஜேபெக் படங்கள் ஒரு கார்டில் சுமார் 4,000 அடங்கும். கார்டை ஃபார்மட் செய்வதைக் கேமராவிலேயே செய்யுங்கள். ஃபோனுக்கு மாற்ற வைஃபை செயலியோடு மல்லுக்கட்டாதீர்கள், பழைய கேமராக்களின் செயலிகளை நம்ப முடியாது. ஃபோனில் செருகும் சின்னக் கார்டு ரீடர் போதும்.

மகளிடம் கொடுக்கும்போது கைப்பட்டையைக் கேமராவில் மாட்டி, அவள் மணிக்கட்டில் நுழைத்த பிறகே கொடுங்கள். லென்ஸ் நீண்டிருக்கும்போது கீழே வைக்கக்கூடாது, பைக்குள் போடும் முன் அணைத்துவிட்டு லென்ஸ் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும், மணல் உள்ள இடத்தில் வெளியே எடுக்கக்கூடாது. இந்த மூன்றும் பழகினால் போதும், மற்றதை அவளே கண்டுபிடித்துக்கொள்வாள். அவளுக்கென்று இரண்டாவது கார்டைக் கொடுத்துவிடுங்கள். அவள் எதை அழித்தாலும் உங்கள் படங்கள் போகாது.